தடித்த மயிருள்ள நாய்களில் தோல் நோய்களும் மயிர் உதிர்தலும்

தடித்த மயிருள்ள நாய்களில் தோல் நோய்களும் மயிர் உதிர்தலும் என்பது, இரட்டை மயிரடுக்கு கொண்ட நாய் வகைகளில் காணப்படும் அரிப்பு, தோல் அழற்சி, துர்நாற்றம், மயிர் இழப்பு ஆகியவற்றையும் அவற்றின் காரணங்களையும் குறிக்கும். ஜெர்மன் செப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், இந்தியன் ஸ்பிட்ஸ், சைபீரியன் ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்டு, சௌ சௌ ஆகியன இவ்வகையில் அடங்கும். மயிர் உதிர்தல் தனியொரு நோய் அன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி ஆகும். கணினியில் ஒரே பிழைச்செய்தி பல வேறு காரணங்களால் தோன்றுவதைப் போன்றது இது. ஆகவே "மயிர் கொட்டுவதற்கான மருந்து" என ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குவதில் பொருளில்லை.

குளிர்நாட்டு நாய்கள் வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த இடங்களில் வளர்க்கப்படும்போது இச்சிக்கல்கள் எளிதில் தலைகாட்டுகின்றன. கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1956 இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம்) பணியாளர்களுக்காக வட்டம் வட்டமாக அமைக்கப்பட்ட ஊர் இது. தோட்டமும் சுற்றுச்சுவரும் கொண்ட வீடுகள் நாய் வளர்ப்பதற்கு ஏற்றவை. ஆனால் கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியசை எட்டும் வெப்பமும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தரும் ஈரமும் தடித்த மயிருக்கு ஏற்றவை அல்ல. இக்கட்டுரை பெரும்பாலும் இத்தகைய சூழலைக் கருத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

மயிரும் தோலும்

இரட்டை மயிரடுக்கில், நீண்டு முரடாக இருக்கும் மேல்மயிர் நீரையும் வெயிலையும் தடுக்கிறது. அதன் அடியில் பஞ்சு போல் அடர்ந்திருக்கும் உள்மயிர் காற்றைப் பிடித்து வைத்து உடல் வெப்பத்தைக் காக்கிறது. நாயின் ஒரே மயிர்க்காலில் இருந்து பல மயிர்கள் கொத்தாக வெளிவருகின்றன. இதனால்தான் உள்மயிர் அவ்வளவு அடர்த்தியாக உள்ளது.

இவ்வளவு தடித்த போர்வைக்குக் கீழே இருக்கும் தோல் மிக மெல்லியது. மனிதனின் மேற்தோலில் 10 முதல் 15 வரையிலான உயிரணு அடுக்குகள் இருக்க, நாயின் மேற்தோலில் 3 முதல் 5 அடுக்குகளே உள்ளன. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலைக்கு நெருங்கியது. மனிதர்களுக்கான சோப்பும் சாம்பூவும் நாய்க்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம். மேலும் நாய் தன் தோலின் வழியாக வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்வதில்லை. மூச்சிரைப்பதன் மூலமே அதைச் செய்கிறது.

பகல் நீளமும் மயிர் உதிர்தலும்

ஒவ்வொரு மயிரும் வளர்ச்சி, ஒடுக்கம், ஓய்வு, உதிர்தல் ஆகிய நிலைகளைச் சுழற்சியாகக் கடக்கிறது. ஹஸ்கி போன்ற வடதுருவ வகைகளில் எந்நேரத்திலும் பெரும்பாலான மயிர்கள் ஓய்வு நிலையிலேயே இருக்கும். வளர்ப்பதற்கு அதிக ஆற்றல் செலவாகும் போர்வையை ஒருமுறை வளர்த்து நெடுநாள் வைத்துக்கொள்ளும் சிக்கன ஏற்பாடு இது. எப்போது உதிர்ப்பது என்பதைத் தீர்மானிப்பதில் முதன்மையானது பகலின் நீளம். வெப்பநிலைக்கு அடுத்த இடமே.

மாஸ்கோவில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 17½ மணி நேரம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் 7 மணி நேரம். அங்குள்ள நாயின் உடலுக்குப் பருவமாற்றம் ஐயமின்றித் தெரிகிறது. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்களுக்குள் உள்மயிரைக் கொத்துக்கொத்தாக உதிர்த்து முடித்துவிடும். 11½ பாகை வட அகலாங்கில் அமைந்த நெய்வேலியில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம், மிகக் குறுகியது 11½ மணி நேரம். வேறுபாடு ஒன்றே கால் மணி நேரமே. இதோடு இரவு பத்து மணி வரை எரியும் வீட்டு விளக்கும் சேரும்போது அச்சிறு வேறுபாடும் மறைந்துவிடுகிறது. எனவே தமிழ்நாட்டில் வளரும் தடித்த மயிர் நாய்கள் பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மயிரை உதிர்ப்பது வியப்பன்று. வீட்டின் மூலைகளில் மயிர் உருண்டு கிடப்பதாலேயே நாய் நோயுற்றுள்ளது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

இயல்பான உதிர்தலில் தோல் வெளியே தெரிவதில்லை. மயிர் எங்கும் பரவலாக மெலியுமே தவிர வழுக்கை விழுவதில்லை. தோல் தெரியும் திட்டுகள், சிவப்பு, பொருக்கு, கொப்புளம், எண்ணெய்ப் பிசுக்கு, நாற்றம், ஓயாத சொறிதல் அல்லது நக்குதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது நோய். தடித்த மயிர் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறது என்பதுதான் உண்மையான இடர். குட்டை மயிருள்ள இராசபாளையம் நாயின் உடலில் உள்ள புண் அன்றே கண்ணில் படும். ஸ்பிட்ஸ் நாயில் அது நாற்றம் வந்த பிறகே தெரியவரும். வாரம் இருமுறையேனும் மயிரை எதிர்த்திசையில் பிரித்துத் தோலைப் பார்ப்பது இதற்காகவே அறிவுறுத்தப்படுகிறது.

ஈரத்தால் வரும் நோய்கள்

குளித்த பின்னோ மழையில் நனைந்த பின்னோ மேல்மயிர் காய்ந்துவிட்டாலும் உள்மயிர் பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். உதிர்ந்த உள்மயிர் வெளியேறாமல் சிக்குண்டு கம்பளம் போல் படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த வெதுவெதுப்பான ஈரத்தில், தோலில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிரிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன.

இவற்றுள் முதன்மையானது ஸ்டைபைலோகாக்கசு சூடின்டர்மீடியசு என்னும் பாக்டீரியா. இது சீழ்க் கொப்புளங்களையும், ஓரத்தில் செதிள் உரியும் வட்டமான புண்களையும் உண்டாக்கும். இவ்வட்டங்களைப் படர்தாமரை எனத் தவறாக எண்ணிப் பூஞ்சைக் களிம்பு தடவுவது பரவலாக நிகழும் பிழை. மற்றொன்று மலசீசியா என்னும் ஈசுட்டு வகைப் பூஞ்சை. காது, கழுத்தின் அடிப்பகுதி, அக்குள், தொடையிடுக்கு, விரலிடை ஆகிய இடங்களில் பிசுக்கும் புளித்த நாற்றமும் தோன்றி, நாளடைவில் தோல் கறுத்து யானைத்தோல் போல் தடித்துவிடும்.

கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் செப்பர்டு ஆகியவற்றில் திடீர் ஈரப்புண் மிகுதி. காலையில் நன்றாக இருந்த நாயின் கன்னத்திலோ தொடையிலோ மாலைக்குள் உள்ளங்கை அளவு மயிர் நீங்கிச் சிவந்து நீர் கசியும் புண் காணப்படும். தெள்ளுக்கடி, காதுவலி, சிக்குமயிர் என ஏதோ ஒன்று உறுத்த, நாய் தானே கடித்தும் நக்கியும் உண்டாக்கிக்கொள்வது இது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், சுற்றியுள்ள மயிரை மட்டும் வெட்டி, குளோரெக்சிடின் கரைசலால் தூய்மை செய்து, நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு அணிவித்தால் விரைவில் ஆறக்கூடியது. வலி மிகுதியாக இருக்கும் என்பதால் அமைதியான நாயும் கடிக்கக்கூடும்.

பாக்டீரியாவுக்கும் மலசீசியாவுக்கும் குளோரெக்சிடின் கலந்த மருந்துச் சாம்பூ முதல்நிலைச் சிகிச்சையாக உள்ளது. நுரை தோலில் 10 நிமிடங்கள் இருந்தாக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே இதைச் செய்யவேண்டும்; நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு 2 நிமிடங்களே பத்தாகத் தோன்றும். பிறகு நன்கு அலசி, மின் உலர்த்தியின் சூடில்லாத காற்றால் உள்மயிர் வரை உலர்த்தவேண்டும். உலர்த்த வசதியில்லாத மழை நாளில் குளிப்பாட்டாமல் இருப்பதே மேல்.

உண்ணிகள்

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்போர் மிக அதிகம் அஞ்ச வேண்டியது உண்ணிக்குத்தான். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்வின் மூன்று பருவங்களிலும் நாயின் குருதியையே நாடுகிறது. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலுக்கு வெளியே, சுவர் விரிசல், கதவு நிலை, நாய்க்கூண்டின் இடுக்கு ஆகியவற்றில் கழிக்கிறது. குருதி குடித்து முடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, இத்தகைய இடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். தோட்டமும் பழைய சுற்றுச்சுவரும் உள்ள வீட்டில் நாய்க்கு மட்டும் மருந்திட்டுச் சுவரை விட்டுவிட்டால் சில வாரங்களில் உண்ணி மீண்டும் வந்துவிடும். முட்டை பொரிந்து புதிய தலைமுறை உருவாவதால், சுவர் இடுக்குகளுக்கான சிகிச்சையைச் சில வார இடைவெளியில் திரும்பச் செய்யவேண்டும்.

தடித்த மயிரில் உண்ணிகள் காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், விரலிடை ஆகிய இடங்களில் நாள்கணக்கில் மறைந்திருக்கும். கடித்த இடத்தில் ஏற்படும் புண் சிறியது. அவை பரப்பும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய குருதி நோய்களே உயிரைப் பறிப்பவை. எர்லிக்கியா தொற்றிய நாயில் காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் குருதி வடிதல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியன தோன்றும். அப்புள்ளிகளைத் தோல் ஒவ்வாமை என நினைத்துக் களிம்பு தடவிக் காத்திருப்போர் உண்டு. உண்மையில் அவை குருதிச் சிறுதட்டுகள் குறைந்து தோலுக்கடியில் குருதி கசிவதன் அடையாளம். அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டியவை. இந்நோய் 1935 இல் அல்சீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1944 இல் தென்னிந்திய நாய்களிலும் பதிவானது. 1960களின் இறுதியில் வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் ஜெர்மன் செப்பர்டு நாய்கள் பெருமளவில் இதனால் இறந்த பின்னரே உலகின் கவனம் இதன்மீது திரும்பியது. உரிய காலத்தில் கண்டறிந்தால் டாக்சிசைக்கிளின் மருந்தை ஏறத்தாழ நான்கு வாரங்கள் கொடுத்துக் குணப்படுத்த இயலும்.

தெள்ளுக்கடியால் வரும் ஒவ்வாமையில் வாலடியிலும் இடுப்பின் மேற்புறத்திலும் மயிர் நீங்கும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடிகளே போதும் என்பதால், தெள்ளு ஒன்றும் கண்ணில் படாத நிலையிலும் இந்நோய் இருக்கலாம். வெள்ளைத் துணியில் நாயை நிறுத்தி வாரும்போது விழும் கருந்துகள்கள் நீர்பட்டுச் செந்நிறமானால் அவை தெள்ளின் கழிவு, செரித்த குருதி.

நெய்வேலி போன்ற சுரங்க நகரில் எல்லாத் தோல் நோய்க்கும் தூசியைக் காரணமாக எண்ணத் தோன்றும். தூசி தோலை உறுத்தலாம். எனினும் உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி ஆகியவை இல்லை என உறுதி செய்யும் முன் தூசியைக் குறை கூறுவது காலத்தை வீணாக்கும்.

சொறியும் படர்தாமரையும்

சொறி என ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய்கள் உண்மையில் இரண்டு. சார்கோப்டிசு என்னும் சிற்றுண்ணி தோலைத் துளைத்து வாழ்வது. காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தாங்கமுடியாத அரிப்பைத் தரும்; பிற நாய்களுக்கு எளிதில் பரவும்; வளர்ப்போரின் கையிலும் வயிற்றிலும் தற்காலிகத் தடிப்பை உண்டாக்கும். டெமோடெக்ஸ் என்னும் மற்றொன்று மயிர்க்காலினுள் வாழ்வது. குட்டி பிறந்த முதல் சில நாள்களில் தாயிடமிருந்து வந்து சேரும் இது பெரும்பாலான நாய்களில் தொல்லையின்றி வாழ்கிறது. எதிர்ப்பாற்றல் குறையும்போது மட்டும் பெருகி மயிரை உதிர்க்கிறது. மனிதருக்குப் பரவாது. இரண்டையும் வேறுபடுத்த, தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது முதன்மையான வழி. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைச் செய்யுமாறு கேட்பது வளர்ப்போரின் உரிமை.

2013 முதல் பயன்பாட்டுக்கு வந்த ஐசொக்சசோலின் வகை மாத்திரைகள் உண்ணி, தெள்ளு, இரு வகைச் சொறி ஆகிய அனைத்துக்கும் எதிராகச் செயல்படுகின்றன. முன்னர் பல மாதங்கள் நீடித்த டெமோடெக்ஸ் சிகிச்சை இவற்றால் பெரிதும் எளிதாகிவிட்டது. வலிப்பு உண்டாகும் வாய்ப்பைக் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2018 இல் எச்சரித்ததால், ஏற்கெனவே வலிப்பு வந்த நாயெனில் மருத்துவரிடம் முன்கூட்டியே கூறவேண்டும்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. இது மனிதருக்கும், குறிப்பாகச் சிறுவர்க்கும் பரவும். புற ஊதா விளக்கொளியில் பச்சையாக ஒளிர்வதைக் கொண்டு இதைக் கண்டறியலாம் என்றாலும், மைக்ரோசுபோரம் கேனிசு என்னும் ஒரு வகையே அவ்வாறு ஒளிரும். அதிலும் எல்லாம் ஒளிர்வதில்லை. ஒளிரவில்லை என்பதால் நோயில்லை எனக் கொள்ளலாகாது.

அரிப்பில்லாத மயிர் இழப்பு

உடலின் இரு பக்கங்களிலும் ஒரே சீராக, அரிப்பின்றி மயிர் நீங்கினால் ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்களின் கோளாற்றை ஐயுறவேண்டும். நடுவயது கோல்டன் ரெட்ரீவர் சோம்பலாகி, உணவு கூடாமலேயே எடை கூடி, வால் எலிவால் போல் ஆனால் அது தைராய்டு குறைபாடாக இருக்கலாம். மிகுந்த தாகம், தொங்கும் வயிறு, மெலிந்த தோல் ஆகியவை குசிங் நோயின் அறிகுறிகள். அரிப்புக்கென நெடுநாள் இசுடீராய்டு ஊசி போடப்பட்ட நாய்களிலும் இதே தோற்றம் உண்டாகும்.

பொமரேனியன், சௌ சௌ, ஹஸ்கி ஆகியவற்றுக்கு உரிய தனிச்சிக்கல் அலோப்பீசியா எக்ஸ். முதலில் மேல்மயிரும் பிறகு உள்மயிரும் உடற்பகுதியில் நீங்கி, வெளிப்படும் தோல் கறுத்துவிடும். தலையிலும் கால்களிலும் மயிர் அப்படியே இருக்கும். காரணம் இன்றளவும் உறுதிப்படுத்தப்படவில்லை. பெயரிலுள்ள எக்ஸ் இதையே குறிக்கிறது. விந்தையாக, சோதனைக்காகத் தோல் துண்டு எடுக்கப்பட்ட இடத்தில் மட்டும் சில நேரங்களில் மயிர் மீண்டும் முளைக்கிறது. இது தோற்றக் குறைபாடு மட்டுமே. நாய்க்கு வலியோ அரிப்போ இல்லை. கடுமையான மருந்துகளைத் தொடங்கும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உணவு

மயிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு புரதமே. மயிரை வளர்க்கவும் தோலைப் புதுப்பிக்கவும் நாயின் அன்றாடப் புரதத் தேவையில் 25 முதல் 30 விழுக்காடு வரை செலவாகிறது. தயிர்சோறும் பால்சோறும் மட்டும் உண்டு வளரும் ஸ்பிட்ஸ் நாயின் மயிர் மங்கி, உடைந்து, மெலிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வேகவைத்த முட்டை, மீன், கோழியிறைச்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு குருதிச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது என்பதால் சோற்றில் அதைப் பிசைந்து வைத்தலாகாது. தானியங்களில் உள்ள பைட்டேட்டு துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஹஸ்கி நாய்களில் கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்குகள் படிந்தால் துத்தநாகக் குறைபாட்டை ஐயுறலாம்.

மொட்டையடித்தல்

கோடை தொடங்கியதும் தடித்த மயிர் நாயை முழுவதுமாக மழித்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதே. எனினும் இரட்டை மயிரடுக்கு நாய்களுக்கு இது பெரும்பாலும் தீங்காக முடிகிறது. மேல்மயிர் நீங்கினால் வெயில் நேரடியாகத் தோலில் படும். வெள்ளை மயிருள்ள ஸ்பிட்ஸ் வகைகளில் தோல் வெந்துவிடக்கூடும். மேலும் ஓய்வு நிலை மயிர்களை மிகுதியாகக் கொண்ட வகைகளில், மழித்த இடத்தில் மீண்டும் மயிர் வளர ஓராண்டுக்கும் மேலாகலாம். வளர்வதும் முன்பு போல் அமையாதிருக்கலாம். வெப்பத்தைத் தணிக்க வேண்டுமாயின் நீக்கவேண்டியது உதிர்ந்து தங்கிய உள்மயிரை. நீண்ட பற்கள் கொண்ட சீப்பால் அடி முதல் வாரி அதை எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்று கிடைக்கும். புண்ணுக்கு மருந்திடுவதற்கும், அவிழ்க்கவே முடியாத சிக்கை நீக்குவதற்கும் வெட்டுவது வேறு; அதில் தயக்கம் வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியங்கள்

சொறி பிடித்த நாய்க்கு வண்டியில் இருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பூசும் வழக்கம் இன்றும் உள்ளது. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்களும் நச்சு ஐதரோகார்பன்களும் உள்ளன. தடித்த மயிர் இவற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. நாயோ அதை நக்கி விழுங்குகிறது. சொறியை விட இதுவே நாயைக் கொல்லக்கூடியது.

மனிதர்களுக்கான, இசுடீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் கலந்த களிம்புகள் சிவப்பைத் தற்காலிகமாக மறைத்துப் படர்தாமரையைப் பரவவிடுகின்றன. ஐவர்மெக்டினைத் தாமே அளந்து கொடுப்பதும் ஆபத்தானது. கோலி முதலான மேய்ப்பு நாய் வகைகளில் மருந்தை மூளைக்குள் செல்லவிடாமல் தடுக்கும் மரபணு பழுதுபட்டிருப்பது 2001 இல் கண்டறியப்பட்டது. அவ்வகை நாய்களுக்குச் சொறிக்காகக் கொடுக்கப்படும் அளவு மயக்கத்தையும் இறப்பையும் உண்டாக்கலாம்.

கொள்கையும் சட்டமும்

வணிக நோக்கிலான இனப்பெருக்கத்திற்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2016 இல் கட்டுப்படுத்தியது. தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை (2024) வெப்பமண்டலத் தட்பவெப்பத்திற்குப் பொருந்தாதவை எனக் கருதப்படும் 11 வகைகளின் இனப்பெருக்கத்தைத் தடை செய்தது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமியூட், செயிண்ட் பெர்னார்டு, சௌ சௌ, திபெத்திய மாசுடிஃப் ஆகியன இதில் அடங்கும். பக், பிரெஞ்சு புல்டாக் ஆகிய குட்டை மயிர் வகைகளும் பட்டியலில் இருப்பதால் இது மயிரை மட்டும் கருதி வகுக்கப்பட்டதன்று எனலாம். ஜெர்மன் செப்பர்டும் கோல்டன் ரெட்ரீவரும் இப்பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் சொந்த வகைகளான இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் குட்டை மயிர் கொண்டவை. 2005 இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் இராசபாளையமும் தடித்த மயிருள்ள இமாலய மேய்ப்பு நாயும் இடம்பெற்றன. ஒரே நாட்டின் இரு தட்பவெப்பங்களை அவற்றின் மயிரிலேயே காணலாம்.

மயிரிழந்து நாறும் நாயைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவோர் உள்ளனர். மேலே கூறப்பட்ட நோய்களில் மனிதருக்குப் பரவக்கூடியவையாகப் பெரும்பாலும் கருதவேண்டியவை சார்கோப்டிசு சொறியும் படர்தாமரையுமே. இரண்டும் முழுமையாகக் குணமாகக் கூடியவை. நியாயமான காரணமின்றி, பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும். இச்சட்டத்தில் முதல் குற்றத்திற்கான தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை தண்டமோ, மூன்று மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.